இரண்டாம் அறையின் மஞ்சள் இலைகள்

"அத்தை, செடிக்கு வயித்த வலிச்சா அது யார்கிட்ட சொல்லும்?"

தேவாலய ஞாயிறு வகுப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிக் கேட்டபோது, பாடம் சொல்லிக்கொண்டிருந்த கராரைனா புத்தகத்தை மூடி வைத்தார். அரசாங்கப் பயிர்நோய் ஆய்வாளராகக் கிழக்குக் கரைத் தோட்டங்களை எல்லாம் சுற்றி வந்தவர் அவர். ஆனாலும் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை.

"இலைகிட்ட சொல்லும் கண்ணு. இலை நம்மகிட்ட சொல்லும். ஆனா வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும். எங்க வலிக்குதுன்னு சொல்லாது. அதை நாமதான் தேடணும்" என்றார்.

அந்தச் சிறுமியின் பெயர் ஹூயா. அடுத்த ஆண்டே அவளுடைய பெற்றோர் ஆக்லாந்துக்குக் குடிபோய்விட்டார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து, செடி வளர்ப்பில் பட்டம் வாங்கிக்கொண்டு அவள் வைபுனா பள்ளத்தாக்குக்கே திரும்பி வந்தாள். ஊர்க் குடும்பங்கள் எல்லாம் பங்கு போட்டு நடத்தும் மருந்துக் கஞ்சாக் கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பாளர். மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கராரைனாவின் சமையலறை மேசைமேல் பிளாஸ்டிக் பையொன்றை வைத்தாள். அதற்குள் ஐந்து விரல் விரித்த கையைப் போல ஓர் இலை. மஞ்சள் பூத்து, ஓரங்கள் கருகி, ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தது.

"இது என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க அத்தை. எனக்குக் கேக்கல."

"விஷம்!" என்றார் மேசையின் மறுமுனையில் எண்ணெயில் பொரித்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த டியோபிரா. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவர் வேலை. இடைப்பட்ட நேரம் முழுவதும் துப்பறிவார். கராரைனாவுக்குச் சித்தப்பா மகன் என்பதால் அதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது. "இல்லேன்னா போட்டிக் கம்பெனிக்காரன் சதி. ராத்திரியில ஆள விட்டு..."

"வாயில இருக்கறத முழுங்கிட்டு சதி பண்ணுடா தம்பி" என்றார் கராரைனா. "நீ சொல்லும்மா."

ஹூயா சொன்னாள். கூடத்தில் பூக்கும் செடிகளுக்கு இரண்டு அறைகள். இரண்டிலும் ஒரே ரகம், ஒரே விளக்கு, ஒரே உரம். முதல் அறையை ஹூயாவே பார்த்துக்கொள்கிறாள். அங்கே ஒரு குறையும் இல்லை. இரண்டாம் அறையில் நூற்றெண்பது செடிகள். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து அடி இலைகள் மஞ்சளாகி, இப்போது பாதிக்கு மேல் துவண்டுவிட்டன.

"ரெண்டாம் அறை யார் பொறுப்பு?"

ஹூயா பையின் ஓரத்தை மடித்தாள். "ஹகராயா."

டியோபிரா ரொட்டியைக் கீழே வைத்தார். ஹகராயாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதே செடியைக் காட்டுக்குள் திருட்டுத்தனமாக வளர்த்ததற்காக மூன்று வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். சட்டப்படி அவனைப் போன்ற ஒருவனை மருந்துக் கூடத்துக்குள் விடுவதென்றால் தனி அனுமதி வேண்டும். கூடத்தை நடத்தும் ஊர்க் கம்பெனியின் தலைவரும் தேவாலயக் காரியங்களுக்குப் பொறுப்பாளருமான கெரியாமா தன் பெயரை ஜாமீனாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த அனுமதியை வாங்கித் தந்திருந்தார்.

"கெரியாமா மாமா இப்போ அந்தக் கையெழுத்தத் திரும்ப வாங்கப் போறேங்கறார். வெள்ளிக்கிழமை கூட்டம். அவர் வாங்கிட்டா ஹகாவுக்கு இங்க மட்டும் இல்ல அத்தை, நாட்டுல எந்தக் கூடத்துலயும் கதவு தொறக்காது. அவனுக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்."

"நீ என்ன நினைக்கற?"

ஹூயா ஜன்னலைப் பார்த்தாள். "நேத்து அவனோட பெட்டியில ஒரு பாட்டில் கெடச்சுது. உள்ள கலங்கலா ஏதோ. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான். நல்லவன்னுதான் நினைக்கறேன். ஆனா நினைக்க நினைக்கப் பயமா இருக்கு."

கராரைனா இலையை எடுத்து மறுபடி பைக்குள் பத்திரமாக வைத்தார். நோயாளியின் கையை விடுவிப்பது போல இருந்தது அது.

"டியோபிரா, வண்டி எடு."

பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்திருந்தது. வழியெங்கும் வீட்டுத் தாழ்வாரங்களில் மக்காச்சோளக் கதிர்கள் சடை சடையாகத் தொங்கின. அந்த வருடம் மழை சரியாக இல்லை. ஓடைகள் கற்களுக்கிடையே நூலாக ஓடின.

கூடத்தின் வாசற்கதவருகே கெரியாமா நின்றிருந்தார். எழுபது வயதிலும் நிமிர்ந்த முதுகு. இடது கையில் பிடித்த குச்சியால் தன் ரப்பர் பூட்ஸ்களில் அப்பியிருந்த நீலச் சாம்பல் நிறக் களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வா கராரைனா. நீ வந்தது நல்லதுதான். ஆனா முடிவு மாறாது. அவனுக்காக ஊர் முன்னாடி நான் நின்னேன். இப்போ தலை குனிய வச்சுட்டான்."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"உள்ள கால் வச்சே ரெண்டு மாசம் ஆச்சு. அண்ணன ஆஸ்பத்திரியிலேந்து வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்ல. இனி வைத்தியம் இல்லேன்னுட்டாங்க. எதக் குடுத்தாலும் வாய மூடிக்கறான். சின்ன வயசுல சாப்பிட்டது மட்டும்தான் வேணுமாம்." அவர் குரல் ஒரு கணம் இறங்கி மறுபடி இறுகியது. "வெள்ளிக்கிழமை பாப்போம்."

வெள்ளை அங்கியும் தலையுறையும் மாட்டிக்கொண்டு மூவரும் உள்ளே போனார்கள். பூத்த செடிகளின் நெடி சுவரைப் போல வந்து மோதியது. டியோபிரா மூக்கைப் பொத்தினார். "அம்மாடி! இதுக்குள்ள யானை செத்துக் கெடந்தாலும் தெரியாது போலிருக்கே."

"அப்படியா சொல்ற?" என்று கேட்டுவிட்டு கராரைனா முன்னால் நடந்தார்.

இரண்டாம் அறையில் அவர் ஒரு மணி நேரம் இருந்தார். விளக்குக்கு மிக அருகில் இருந்த நுனி இலைகளைப் பார்த்தார். அவை பச்சையாகவே இருந்தன. இலைகளின் அடிப்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. தொட்டியின் மண்ணை விரலால் அழுத்தினார். ஈரமாக இருந்தது.

"ஈரம் இருக்கு. ஆனா செடி தாகத்துல துவண்டு கெடக்கு" என்றார் தனக்குள்.

ஒரு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, செடியை வேரோடு எடுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பேறி, வழுவழுவென்று, தொட்டால் உறை கழன்று வந்தன.

"வேர் அழுகல்" என்றாள் ஹூயா. "அதிகமா தண்ணி ஊத்திட்டானோ?"

"ஊத்தற அளவு எழுதி வச்சிருக்கீங்களா?"

இருந்தது. இரு அறைகளின் அளவும் ஒன்றே. சுவரில் ஒரு சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தது. கராரைனா அதன் முன் நின்றார்.

"அது தண்ணி சோதனை அத்தை. முதல் அறைக்குக் கூரைத் தண்ணி, கூரையிலேந்து தொட்டியில பிடிக்கற மழைத் தண்ணி. இதுக்கு மலையில இருக்கற ஊத்துத் தண்ணி. பிப்ரவரியில சோதிச்சோம். கூரைத் தண்ணிய விட ஊத்துத் தண்ணிதான் சுத்தம்னு வந்துச்சு. கெரியாமா மாமா குடும்பத்து ஊத்து. கம்பெனிக்கு இலவசமா விட்டிருக்கார்."

"பிப்ரவரி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார் கராரைனா. "சரி. ஹகராயாவக் கூப்பிடு."

ஹகராயா வந்து கதவோரம் நின்றான். நாற்பது வயது, பெரிய கைகள். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவன் போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஹூயா அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் பென்சிலால் 'ஏப்ரல் 9' என்று எழுதியிருந்தது.

கராரைனா மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று சீறியது.

"சோடாவா?" என்று எட்டிப் பார்த்தார் டியோபிரா.

"இது என்ன ஹகா?"

"தண்ணி அத்தை."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி. இந்த அறைக் குழாய்."

"எதுக்கு எடுத்து வச்ச?"

அவன் தரையைப் பார்த்தான். "அதுக்கு மேல கேக்காதீங்க அத்தை. நான் சொல்லக் கூடாது. வேலைய விட்டுப் போகச் சொன்னா போயிடறேன்."

"பாத்தியாக்கா?" என்று டியோபிரா கராரைனாவின் காதில் கிசுகிசுத்தார். "ஒத்துக்கிட்டான்!"

"எத?"

கராரைனா பாட்டிலை இறுக்கி மூடினார்.

அடுத்து அவர்கள் மோட்டார் அறைக்குப் போனார்கள். மலையிலிருந்து வரும் குழாய் அங்கேதான் வடிகட்டி வழியாகக் கூடத்துக்குள் நுழைகிறது. ஹகராயா தினமும் கழுவும் வடிகட்டியை ஹூயா கழற்றிக் காட்டினாள். வலையில் நகக்கண் அளவில், கண்ணாடி போன்ற மெல்லிய தோல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஏதோ பூச்சி உரிச்ச சட்டை" என்றாள் ஹூயா. "ஒரு மாசமா வருது."

கராரைனா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். டியோபிரா வயிற்றைத் தடவினார்.

"என்னன்னு தெரியலக்கா, இங்க வந்ததும் பசிக்குது."

"ரெண்டு தட்டு ரொட்டி தின்னுட்டுதானே வந்த?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். ஏதோ எங்கம்மா கூப்பிடற மாதிரி இருக்கு."

கராரைனா திரும்பி அவரை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகப் புன்னகை வந்தது. "நல்ல மூக்குடா உனக்கு" என்றார். பிறகு ஹூயாவிடம், "குழாயோட வாய் மலையில எங்க இருக்கு?"

"முன்னாடி ஊத்துக்கண்லயே இருந்துச்சு. போன வருஷ வெள்ளத்துல மண்ணு மூடிருச்சு. ஜனவரியில நாப்பது தப்படி கீழ ஓடையிலயே வச்சுட்டோம். அங்கதான் சோதனைக்கும் தண்ணி எடுத்தோம்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. குழாய் போட்ட வெளியூர்க்காரருக்கு. சின்ன விஷயம்தானே அத்தை, கூட்டத்துல கூடச் சொல்லல."

"அந்த ஓடையில எங்கயாவது குளம் மாதிரி தேங்குமா?"

"தெரியல. நான் குழாய் வாயத் தாண்டி மேல போனதில்ல."

கராரைனாவும் டியோபிராவும் மலையேறினார்கள். சேறு காலை இழுத்தது. குழாய் வாயருகே டியோபிராவை நிறுத்திவிட்டு, "நீ இங்க காவல் இரு" என்று சொல்லி கராரைனா மட்டும் மேலே போனார். காவல் என்ற சொல்லில் மகிழ்ந்து டியோபிரா ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்து நின்றார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பிய கராரைனாவின் வலதுகைச் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.

"என்ன கெடச்சுது?"

"ஆறுதல்" என்றார் அவர். "முதல்ல உன் பூட்ஸப் பாரு."

டியோபிரா குனிந்து பார்த்தார். நீலச் சாம்பல் களிமண்.

"நாளைக்கு மத்தியானம் எல்லாரையும் டீ குடிக்கற அறைக்கு வரச் சொல்லு. அதுவரைக்கும் ஊத்துத் தண்ணிய நிறுத்தி, கூரைத் தண்ணிய விடச் சொல்லு. ஒரு வார்த்தை வெளிய விட்டே..."

"நான் எங்கக்கா விட்டேன்?"

"போன தடவை கோழி திருடினவன் பேரப் பஸ்ஸுல பாட்டாப் பாடினதே நீதான்."

மறுநாள் மதியம் டீ அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கெரியாமா ஜன்னலோர நாற்காலியில். ஹகராயா கதவருகே, உட்காராமல். ஊர் வழக்கப்படி முதலில் பிரார்த்தனை. கராரைனாவே செய்தார், அதில் ஒரு வரி வழக்கத்தில் இல்லாதது. 'நாங்கள் அறியாமல் செய்த தீங்கை எங்களுக்கு மென்மையாகக் காட்டும்' என்றார். பிறகு ஆளுக்கொரு கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"முதல்லயே சொல்லிடறேன். இங்க குற்றவாளி யாரும் இல்ல. அதனால டியோபிரா, நீ கதவ மறைச்சு நிக்க வேண்டாம், வந்து உக்காரு."

டியோபிரா ஏமாற்றத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"இலை துவண்டா முதல்ல விளக்கு சுட்டுடுச்சோன்னு தோணும். சுட்டிருந்தா மேல் இலைதான் கருகணும். இங்க அடி இலைலதான் ஆரம்பிச்சிருக்கு. பூச்சியா? ஒண்ணு கூட இல்ல. உரமா? ரெண்டு அறைக்கும் ஒரே உரம். தண்ணி அதிகமா? அளவு ஒண்ணு. ஆனா வேர் அழுகியிருக்கு. மண்ணுல ஈரம் இருந்தும் வேரால குடிக்க முடியல. மூச்சுத் திணறுது. அப்போ மிச்சம் என்ன? தண்ணியோட அளவு இல்ல, தண்ணியேதான்."

"ஊத்துத் தண்ணியவா சொல்ற?" கெரியாமாவின் குரல் உயர்ந்தது. "சான்றிதழ் தொங்குது! எங்க தாத்தா காலத்துலேந்து அந்தத் தண்ணியக் குறை சொன்னவன் கெடையாது!"

"சொன்னவன் கெடையாது மாமா. சொல்லாம இருந்தவன் ஒருத்தன் இருக்கான்." கராரைனா பாட்டிலை மேசைமேல் வைத்தார். "ஹகராயா ஏப்ரல் ஒம்பதாம் தேதியே சந்தேகப்பட்டுட்டான். விஷம் வைக்கறவன் தேதி எழுதி ஒட்ட மாட்டான். தண்ணி நாளாக நாளாக என்ன ஆகுதுன்னு பாக்கறவன்தான் எழுதுவான். மூடியத் தொறந்தா சீறுது. சுத்தமான தண்ணி சீறாது. அதுல ஏதோ புளிச்சுப் பொங்குது. இது அவனுக்குத் தெரிஞ்சுடுச்சு. ஆனா எப்படிச் சொல்லுவான்? தனக்காக ஊர் முன்னாடி கையெழுத்துப் போட்ட மனுஷன் வீட்டு ஊத்து கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு அவனுக்கு நாக்கு வரல. வேலை போனாலும் போகட்டும்னு இருந்துட்டான்."

ஹகராயாவின் காது மடல்கள் சிவந்தன. ஹூயா கோப்பையைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிப்ரவரியில தண்ணி சுத்தம். ஏப்ரல்ல கெட்டுப்போச்சு. நடுவுல மார்ச். மார்ச்சுல நம்ம பள்ளத்தாக்குல என்ன நடக்கும்? சோள அறுவடை." கைக்குட்டையை விரித்தார். "வடிகட்டியில சிக்கினது பூச்சிச் சட்டை இல்ல. மக்காச்சோள மணியோட தோல். இத எனக்குக் காட்டிக் குடுத்தது டியோபிராவோட வயிறு."

"என் வயிறா?"

"மோட்டார் அறையில உனக்குப் பசிச்சுதே. உங்கம்மா ஞாபகம் வந்துச்சுன்னியே. சித்தி சோளத்த மூட்டையோட ஓடைத்தண்ணியில ரெண்டு மூணு மாசம் ஊறப்போட்டு, புளிச்ச அப்புறம் கஞ்சி காய்ச்சி, பாலேடும் சர்க்கரையும் போட்டுக் குடுப்பாங்களே, அந்த ஊறல் சோளம்! வேற எந்த இடமா இருந்தாலும் அந்த நாத்தம் தெருமுனையிலயே சொல்லிக் குடுத்துடும். அத அமுக்கற நெடி இருக்கற ஒரே இடம் இந்தக் கூடம்தான். இத்தனை பேர் மூக்கும் ஏமாந்துடுச்சு. இவன் வயிறு ஏமாறல."

டியோபிரா பெருமையோடு தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

"ஊத்துக்குக் கீழ ஒரு பழைய குளம் இருக்கு. அந்தக் காலத்துல அதுல சோளம் ஊறப்போடுவாங்க. நேத்து கைய விட்டுப் பாத்தேன், இப்பவும் மூட்டை ஊறுது. அதுல தப்பே இல்ல; குழாய் வாய் அப்போ குளத்துக்கு மேல இருந்துச்சு. இப்போ வெள்ளத்துக்கப்புறம் குளத்துக்குக் கீழ வந்துடுச்சு. குளத்தப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குக் குழாய் எறங்கினது தெரியாது. குழாய் எறக்கினவளுக்குக் குளமே தெரியாது. இந்த வருஷம் ஓடையில தண்ணியும் கம்மி. அவ்வளவுதான் விஷயம்."

அத்தோடு நிறுத்திக்கொண்டார். மூட்டை யாருடையது என்று சொல்லவில்லை. தன் கோப்பையில் சர்க்கரை போட்டு மெதுவாகக் கலக்கினார். ஒரு மனிதனுக்கு எழுந்து நிற்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கலக்கிக்கொண்டே இருந்தார்.

கெரியாமா எழுந்தார்.

"என் மூட்டை" என்றார். "ரெண்டு மூட்டை. அண்ணன் கேட்டான். கடையில கெடைக்கற பண்டமா அது? எங்கப்பா போட்ட அதே குளத்துல போட்டேன். வாரம் ரெண்டு தடவ போய்த் திருப்பிப் போட்டுட்டு வந்தேன்." அவர் பார்வை தன் பூட்ஸ்மேல் விழுந்தது. "இந்தக் கையால செடியக் கொன்னுட்டு, இந்த வாயால இவனக் குத்தம் சொல்லிட்டிருந்திருக்கேன்."

அவர் அறையைக் கடந்து ஹகராயாவின் முன்னால் போய் நின்றார். பிறகு பெரியவர் தலையைக் குனிந்து, அவர்கள் வழக்கப்படி நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் சேர்த்து வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை. வழக்கத்தைவிட நீண்டநேரம் நீடித்தது அது.

"அந்தப் பாட்டில எடுத்து உன்னச் சந்தேகப்பட்டவளே நான்தான்" என்று ஹூயா மூக்கை உறிஞ்சினாள். "ஹகா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்டப்போ கோபமா இருந்தியேம்மா" என்றான் ஹகராயா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு வாரமாக அந்தக் கூடத்தில் யாரும் சிரித்திருக்கவில்லை.

"மூட்டைய இன்னைக்கு எடுக்க முடியாது, அண்ணன் பக்கத்துல நான்தான் இருக்கணும். நாளைக்குக் காலையில எடுத்துத் தூக்கிப் போட்டுடறேன்" என்றார் கெரியாமா.

"அண்ணனுக்கு?" என்று கேட்டார் கராரைனா.

"அவனுக்குக் குடுத்து வைக்கல. இன்னும் ஒரு மாசம் ஊறணும். வேற ஓடையில இருந்த குளமெல்லாம் வெள்ளத்து மண்ணுல மூடிக் கெடக்கு. விடு."

வியாழக்கிழமை காலை அவர் மலையேறிப் போனபோது குளம் வெறுமையாக இருந்தது. கட்டியிருந்த கயிறும் இல்லை. கூடத்து ஆட்கள் எடுத்து எறிந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதுதான் நியாயம் என்றும் நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவருடைய கையெழுத்து அப்படியே இருந்தது. குழாய் வாயைக் குளத்துக்கு மேலே ஏற்றுவதென்று ஒரே ஒரு தீர்மானம் மட்டும் நிறைவேறியது.

இரண்டாம் அறையில் அறுபது செடிகள் போய்விட்டன. மற்றவற்றின் அழுகிய வேர்களைக் கழுவி நறுக்கி, புதுத் தொட்டிகளில் நட்டு, ஹகராயா அவற்றின் பக்கத்திலேயே இருந்தான். பத்தாம் நாள் மண்ணின் ஓரத்தில் நூல் போல வெள்ளை வேர் தெரிந்தது. பதினைந்தாம் நாள் புதிய இலைகள் பச்சையாக நிமிர்ந்தன. ஹூயா ஓர் இலையைப் படம் பிடித்துக் கராரைனாவுக்கு அனுப்பினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

ஜூன் மாதக் கடைசி ஞாயிறு. பள்ளத்தாக்கு முழுவதும் தேவாலயத்தில் இருந்தது. கெரியாமாவின் வீட்டில் அவருடைய அண்ணன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் துணையிருந்த மருமகள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முன்வாசல் வழியாக ஹகராயா வந்தான். கையில் மூடி போட்ட வாளி.

அவன் வீட்டுக்குப் பின்னால் வெள்ளம் விட்டுவைத்த ஓடைக் குளம் ஒன்று இருந்தது. இரண்டு மூட்டைகளையும் டீ குடித்த அந்தப் புதன்கிழமை சாயங்காலமே மலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து போய் அதில் கட்டியிருந்தான். தினமும் வேலைக்குப் போகுமுன் திருப்பிப் போட்டான். பதம் வந்ததும் தோல் நீக்கி, ஏழு தண்ணீரில் கழுவி, மசித்து எடுத்து வந்திருந்தான். பாலேட்டு டப்பா ஒன்றும் பையில் இருந்தது.

வாசலோரம் விறகு அடுக்கியிருந்தது. அவன் அதன் முன்னால் நின்றான். கோடாலி விழுந்த வெட்டுகள் எல்லாம் இடமிருந்து வலமாகச் சாய்ந்திருந்தன, கெரியாமாவின் இடதுகை வெட்டு. அவன் சிறையில் இருந்த மூன்று குளிர்காலங்களிலும் அவனுடைய அம்மாவின் வாசலில் யாரோ விறகு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவன் விடுதலையாகி வந்தபோது அம்மா இல்லை. எரியாமல் மிஞ்சிய நாலு கட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றில் இருந்த வெட்டும் இதே சாய்வுதான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

வாளியைக் கதவோரம் நிழலில் வைத்தான். பாலேட்டு டப்பாவை மூடியின்மேல் வைத்தான். கோழிகள் கிளறிவிடாமல் இருக்க அடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்து முட்டுக் கொடுத்தான். வெளிக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டான். தேவாலயத்திலிருந்து பாட்டு கேட்டது. இரண்டாம் சரணம் முடிவதற்குள் அவன் சாலையில் இருந்தான்.